கலப்பைக் குறி போட்ட எருமை

ஜனவரி 19, திங்கள்

இந்த நாட்டு விமான நிலையத்தில் பலகைகள் தமிழ் பேசுகின்றன. கோலாலம்பூரில் நான் யாராவது ஒருவர் பின்னால்தான் நடக்க வேண்டும். கொழும்பில் இறங்கினால் 'வெளியேறும் வழி' என்று எழுதியிருந்தது. நானே வாசித்து நானே வெளியேறினேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் ஆட்கள் ஒருவரையும் காணோம். அவர்கள் பெட்டி வரும் இடத்தில் நின்று என்னைத் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

வேனில் ஏறியதும் கடைப் பலகை, பள்ளிக்கூடப் பலகை, 'வேகத்தைக் குறைக்கவும்' எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தேன்.

"தாத்தா, கொஞ்சம் தூங்குங்க லா. பலகை எங்கயும் ஓடிப்போயிடாது" என்றான் லோகேஸ்வரன்.

"பலகை ஓடாது. வேன் ஓடுதே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னை விட்டுவிட்டார்கள்.

லோகேஸ்வரன் எங்கள் சுங்கை சிப்புட் கோயில் தொண்டர் குழுவுக்குத் தலைவன். மட்டக்களப்புப் பக்கம் வெள்ளத்தில் வீடிழந்த குடும்பங்களுக்கு உதவப் போகிறோம். இளைஞர்கள் கிணறு இறைப்பார்கள், கூரை போடுவார்கள். எனக்குக் காய்கறி நறுக்கும் வேலை. எழுபத்திரண்டு வயதுக்காரனை விமானத்தில் ஏற்றியதே பெரிது.

போன வருஷம்தான் முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றேன். தினமும் எழுத வேண்டும், தப்பானால் தாளைக் கிழிக்கக் கூடாது என்று காஞ்சனா டீச்சர் சொல்லியிருக்கிறார். மாடுகளை விற்ற பிறகு கை சும்மா இருந்ததால்தான் நான் வகுப்புக்கு வந்தேன் என்றும் சொல்வார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.

இவ்வளவு எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறின டீயும் டீதான்.

ஜனவரி 20, செவ்வாய்

வந்து சேர்ந்தோம். வாவிக்கு மேற்கே உள்ள இந்தப் பகுதியைப் படுவான்கரை என்கிறார்கள். ஊர் மருதஞ்சேனை. குளம் உடைந்து மண் வீடுகள் எல்லாம் கரைந்துவிட்டன. சனங்கள் பல்நோக்குக் கட்டடத்தில் இருக்கிறார்கள். உள்ளே சேலைகளைக் கட்டித் தடுத்துக் குடும்பத்துக்கு ஒரு வீடு. ஒரு சேலைச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடிகூடத் தொங்கியது. எப்படி நிற்கிறது என்று நானும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

என்னோடு வெங்காயம் உரிக்க வந்தவள் பெயர் வன்னமணி. நாற்பது வயது இருக்கும். வெள்ளத்துச் சேற்றில் தகரம் கிழித்து வலது காலில் தையல் போட்டுக் கட்டியிருக்கிறது. தையல் பிரிக்கும்வரை சேற்றில் கால் வைக்கக் கூடாதாம். காலுக்குத்தான் கட்டு, வாய்க்கு இல்லை.

"மலேசியா ஐயா, நீங்க வெங்காயம் வெட்டுறயளா, இல்லாட்டி அதோட சண்டை பிடிக்கிறயளா?"

"ஏம்மா?"

"இவ்வளவு பெரிசா வெட்டினா புள்ளையள் பொறுக்கி எடுத்து எறியும்."

சின்னதாக நறுக்கினேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அவளிடம் எருமைப் பட்டி இருந்தது. தயிர் உறையவைத்துச் சட்டி சட்டியாக டவுனுக்கு அனுப்புவாளாம். புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் தகப்பனையும் அந்தத் தயிர்தான் காப்பாற்றியிருக்கிறது. வெள்ளம் பட்டியை அப்படியே கொண்டுபோய்விட்டது. இப்போது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பதிந்துவைத்திருக்கிறாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை ஏஜென்சி வேன் வரும். வருகிறேன் என்று அவள் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை.

"போகத்தான் வேணுமா?" என்று கேட்டேன்.

"கறவை ஒண்டு கிறுகித் திரும்பி வந்தாலும் நான் ஏன் ஐயா போறன்? ஒரு சட்டியில இருந்து திரும்பத் தொடங்கிருவன். வெறுங்கையோட என்னத்தத் தொடங்குற?"

சேலைச் சுவருக்கு நடுவில் தலையை நீட்டி அவள் சின்ன மகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் முன்னால் வெளிநாடு பற்றி நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜனவரி 21, புதன்

வன்னமணியின் தகப்பன் சாமித்தம்பி என் வயதுக்காரர். நானும் கறவை மாடு வைத்து, சைக்கிளில் வீடு வீடாகப் பால் ஊற்றியவன் என்று தெரிந்ததும் பாயை விரித்து, வெற்றிலை கொடுத்து உட்காரவைத்துவிட்டார். மடிவீக்கத்துக்கு என்ன மருந்து, கன்று போடாத மாட்டை என்ன செய்வது என்று பேசிக்கொண்டே இருந்தோம். இப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று!

"மாடு காட்டுக்குள்ளே போனா யாரோடதுன்னு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"குறி இரிக்கே. ஒவ்வொரு குடிக்கும் ஒவ்வொரு குறி. பின்தொடையில சுட்டு வெச்சிரிக்கும்."

"உங்க குறி எது?"

மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். பிறை. நானும் இங்கே ஓரத்தில் வரைந்துவைத்திருக்கிறேன். எழுத்தைவிட இது எனக்கு அழகாக வருகிறது.

இங்கே ஒரு புதுமையான வழக்கம். வீடு, வளவு எல்லாம் மகளுக்குத்தான். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுகிறார். குடி என்று இவர்கள் சொல்லும் வம்சமும் தாய் வழிதான். சாமித்தம்பியும் அப்படி வேறு ஊரிலிருந்து வந்தவர்தானாம். "இஞ்ச ஆம்பிளையள் எல்லாம் விருந்தாளிதான். நான் கொஞ்சம் நீண்ட விருந்தாளி" என்றார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம்.

பிறைக் குறி. இனி வெளியே போகும்போதெல்லாம் பார்க்க வேண்டும்.

மகன் போன் செய்தான். ஜொகூரில் அவன் வீட்டில் எனக்கு அறை தயாராம், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டான். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் சரியில்லாத நாடுதான் இது.

ஜனவரி 22, வியாழன்

மழை. பூசணிக்காய். நான் நறுக்கியதை யாரும் பொறுக்கி எறியவில்லை.

ஜனவரி 24, சனி

இன்று பெரிய நாள். மெதுவாக எழுதுகிறேன்.

எருமை தேடிப் போக லோகேஸ்வரனிடம் அனுமதி கேட்டேன். "தாத்தா, நாம வந்தது கிணறு இறைக்க" என்றான். "நீங்க இறைங்க, நான் எருமையைப் பாக்குறேன்" என்றேன். தோணிக்காரர் ஒருவரோடு அனுப்பிவைத்தான். சட்டைப் பையில் போனைப் போட்டுப் பொத்தானையும் அவனே பூட்டிவிட்டான்.

குளத்துக்கு அந்தப் பக்கம், தண்ணீர் வடிந்த இடத்தில் ஒரே புல்லும் தாமரையும். அங்கே ஒரு கறவை எருமை மூக்கு மட்டும் தெரியக் கிடந்தது. பக்கத்திலேயே ஒரு கன்று. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கூப்பிட்டு, தவிட்டைக் காட்டி, தாஜா பண்ணி எழுப்பினேன். பின்தொடையைத் தேய்த்துக் கழுவிப் பார்த்தால் பிறை இல்லை. கலப்பை.

கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் யாரோ ஒருவருக்கு அதுவும் பிழைப்புத்தானே. கலப்பைக் குறி யாருடையது என்று தோணிக்காரரிடம் கேட்டேன்.

"அது பொன்னுப்பிள்ளை அக்கா வீட்டுக் குறி. இஞ்ச கிட்டத்தான், வாய்க்காலுக்கு அங்கால."

கயிறு கட்டி, கன்றை முன்னால் விட்டு ஓட்டிக்கொண்டு போனோம். பொன்னுப்பிள்ளை கல்முனையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். மருமகன் யோகராசா மட்டும் வீட்டில் இருந்தார். டவுனில் தையல் கடை வைத்திருப்பவர். போன ஆவணியில்தான் கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"மாமிட மாடா?" என்று எருமையைத் தூரத்தில் நின்றே பார்த்தார். "கலப்பைதான் கிடக்கு. அப்ப மாமிடதான். ஐயா, இது கடிக்குமா?"

"எருமை கடிக்காது, தம்பி."

"பின்ன என்ன செய்யும்?"

"உதைக்கும்."

இன்னும் இரண்டடி பின்னால் போனார். நானே வேப்பமரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாலையில் வன்னமணியிடம் சொன்னேன். "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பொன்னுப்பிள்ளை வீட்டு எருமை கிடைச்சிருக்கு. நானே பிடிச்சுக் குடுத்தேன். உன்னோடதும் வந்திரும்மா."

அவள் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை மடியில் வைத்தாள்.

"நல்லது, பெரியப்பா. அவங்களுக்காவது கிடைச்சிதே."

என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 25, ஞாயிறு

வன்னமணி ஏஜென்சிக்குப் போன் செய்து வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். சாமித்தம்பிதான் சொன்னார். "ஊர்ல மற்றவங்கட மாடெல்லாம் வருது, என்டதக் காணல்ல, இனி வராது" என்றாளாம்.

நல்ல செய்தி என்று நினைத்துத்தான் நான் அதைச் சொன்னேன்.

ஜனவரி 26, திங்கள்

யோகராசா ஆள் அனுப்பினார். பால் கறக்கப் போன அவரை எருமை உதைத்துவிட்டதாம். நான் போனேன். "நாற்பது வருஷம் கறந்த கை, பாருங்க" என்று உட்கார்ந்தேன். என்னையும் உதைத்தது. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். யோகராசாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்! "எனக்கு மட்டும் இல்ல, ஐயா" என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

வெள்ளத்தில் மிரண்டிருக்கும். கன்று மட்டும் நன்றாகக் குடிக்கிறது. மற்ற நேரமெல்லாம் எருமை வாய்க்கால் பக்கம் பார்த்தே நிற்கிறது. தண்ணீர் தாகமோ என்று ஒரு குடம் வைத்தேன். குடிக்கவில்லை.

இடுப்பு வலி. ஆனாலும் மாட்டு வாடையோடு திரும்பி வந்தது நன்றாக இருந்தது. லோகேஸ்வரன் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

ஜனவரி 27, செவ்வாய்

வன்னமணிக்குத் தையல் பிரித்துவிட்டார்கள். காலில் செருப்புப் போட்டு நடக்கிறாள். ஒரு புதுப் பையில் துணி மடித்து வைக்கிறாள். சின்ன மகள் அவள் முந்தானையை விடுவதில்லை. பாத்திரம் கழுவப் போனாலும் முந்தானையோடுதான்.

மத்தியானம் எருமைக்கு வைக்கோல் கொண்டுபோனேன். பொன்னுப்பிள்ளை கல்முனையிலிருந்து வந்திருந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார்.

"யார்கா இந்த எருமைய இஞ்ச கொண்டுவந்து கட்டின?"

"நான்தாம்மா. உங்களோடதுதானே? கலப்பைக் குறி."

"கலப்பை எங்கட குடிக்குறி. குடியில நான் மட்டுமா இரிக்கன்? இது வன்னமணிட மாடு. இந்தக் கொம்பத் தெரியாதா எனக்கு?"

எனக்குப் புரியவில்லை. "வன்னமணி அப்பா பிறையைத்தானே வரைஞ்சு காட்டினாரு?"

பொன்னுப்பிள்ளை மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது அவர்ர தாய்ட குறி. தகப்பன்ட குறிய மகளுக்கு ஆர் போடுற? வன்னமணிட தாய் கலப்பைக் குடி. அப்ப வன்னமணியும் கலப்பைதான், அவட மாடும் கலப்பைதான்."

"எங்க பக்கமெல்லாம் அப்பா வழிதாம்மா."

"ஏன், உங்கட பக்கம் ஆம்பிளை மாடா கண்டு போடுற?"

அவர் மருமகன் பக்கம் திரும்பினார். "நீயாவது ஒரு ஆளக் கேட்டிரிக்கலாமே, தம்பி?"

"கலப்பை எண்டுதானே மாமி கிடந்த" என்றார் யோகராசா பாவமாக.

"அவள் வெள்ளிக்கிழமை போறாளாமே" என்றார் பொன்னுப்பிள்ளை என்னிடம். சிரிப்பு போய்விட்டிருந்தது. "போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 28, புதன்

வெயில். வெண்டைக்காய் நறுக்கினேன். வேறு விசேஷம் இல்லை.

ஜனவரி 29, வியாழன்

நேற்று சொல்ல நேரம் கிடைக்கவில்லை. வெண்டைக்காய் நிறைய இருந்தது. அதோடு அவள் பக்கம் எப்போதும் யாராவது இருந்தார்கள்.

இன்று காலை அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சாமித்தம்பியும் இருந்தார். நான் எதிரே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பிறையைத் தேடியதை, கலப்பையைக் கண்டதை, பொன்னுப்பிள்ளை சொன்னதை.

அவள் கை பின்னலிலேயே நின்றுவிட்டது.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"முந்தா நாள்."

"முந்தா நாளா! நேத்து முழுக்க என்ட பக்கத்தில இரிந்துதானே வெண்டிக்காய் வெட்டின நீங்க?"

"ஆமா."

"அத வெட்டத் தெரிஞ்ச ஆளுக்கு இதச் சொல்லத் தெரியல்லயா? குறி என்னண்டு என்னட்டக் கேட்டிரிக்கலாமே! மாடு என்டதா, அப்பாடதா?"

சாமித்தம்பி குறுக்கே வந்தார். "என்ட குறி என்னண்டுதான் மனிசன் கேட்டவர். நான் என்டயச் சொன்னன். அவருக்கு இஞ்சத்தய வழக்கம் தெரியா, மனே."

"நீங்களும் வாய மூடுங்க அப்பா. வெத்திலயப் போட்டா ரெண்டு பேருக்கும் உலகமே தெரியா."

நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். அவள் பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டினாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்ன பாத்துக்கொண்டிரிக்கயள்? தோணிய வரச் சொல்லுங்க."

அந்தக் கரையில் இறங்கும்போதே எருமை கத்தியது. அதன் பெயர் முத்தாச்சியாம். வன்னமணி நேரே அதனிடம் போனாள். அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பொன்னுப்பிள்ளை சேலை நுனியால் கண்ணைத் துடைத்தார். யோகராசாவும் இப்போது கிட்டே வந்து, கன்றின் முதுகை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

தோணிக்குப் பின்னால் நீந்தவிட்டு இக்கரைக்குக் கொண்டுவந்து, கட்டடத்துக்குப் பின்னால் கட்டினோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். வன்னமணி மறுபடியும் போய்ப் பையில் துணி அடுக்கினாள்.

"ஏம்மா, எருமைதான் வந்திருச்சே?" என்றேன்.

"வந்திட்டு பெரியப்பா. இத்தனை நாள் கண்டு மட்டும்தான் குடிச்சிரிக்கி. மனிசக் கை படல்ல. இனிப் பால் இறக்குதோ, எனக்கும் உதைக்குதோ, ஆரு கண்ட? இறக்காட்டி நாளைக்கு அந்த வேனையும் விட்டுப்போட்டு நான் என்ன செய்யிற?"

இன்றைக்குக் கறக்க வேண்டாம், நீந்தி வந்த களைப்பு ஆறட்டும் என்றாள். காலையில் பார்ப்பதாம். வேனும் காலையில்தான்.

ஜனவரி 30, வெள்ளி

விடிந்ததும் பையைக் கட்டடத்து வாசலில் கொண்டுவந்து வைத்தாள். பாஸ்போர்ட் இடுப்பில் செருகியிருந்தது. போவதற்கான நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். அதைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியோடு முத்தாச்சியிடம் வந்தாள். என்னிடம் தலைக்கயிறு. மூத்த மகன் கன்றைப் பிடித்துக்கொண்டான். சின்னவள் வாசலில் பையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்று யார் சொன்னாலும் கேட்கவில்லை.

முதலில் கன்றைக் குடிக்கவிட்டுப் பிரித்தாள். மடியைக் கழுவினாள். எருமை காலைத் தூக்கியது. அவள் ஏதோ வாய்க்குள் பேசிக்கொண்டே இருந்தாள். கால் இறங்கியது. காம்பைப் பிடித்தாள். ஒன்றும் இல்லை. மறுபடியும் பிடித்தாள். ஒன்றும் இல்லை. சாமித்தம்பி வெற்றிலை போடாமலே வாயை மென்றுகொண்டிருந்தார்.

அப்போது வேன் வந்து வாசலில் நின்றது. ஹார்ன் அடித்தது. எருமையின் காது விறைத்தது. நான் கயிற்றைச் சாமித்தம்பியிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். ஓடினேன் என்றால், எனக்கு முடிந்த ஓட்டம்.

"தம்பி, ஹார்ன் அடிக்காதப்பா. பால் கறக்குறாங்க."

"ஐயா, கொழும்புக்குப் போகணும். வழியில இன்னும் ஆக்கள் நிக்கிறாங்க. வன்னமணி எண்டுறவங்க வாறாங்களா, இல்லயா?"

"அதைத்தான் எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கோம். நீயும் வந்து பாரு."

அந்த டிரைவர் என்னை விநோதமாகப் பார்த்தான். ஆனால் இறங்கி வந்தான். அவனுக்குப் பின்னால் லோகேஸ்வரனும் எங்கள் இளைஞர்களும், கட்டடத்து சனங்கள் பாதிப் பேரும் வந்துவிட்டார்கள். நான் திரும்பவும் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

வாளியில் 'சர்' என்று ஒரு சத்தம்.

நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எருமையின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாதி மூடிக்கொண்டது. மறுபடியும் 'சர்'. பிறகு இரண்டு கையும் மாறி மாறி ஓடுகிற சத்தம். அந்தச் சத்தத்தை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன். வாளி நிறைய நிறைய அது வெறும் தகரச் சத்தமாக இல்லாமல் கனத்த சத்தமாக மாறும். மாறியது.

டிரைவர் மணியைப் பார்த்தான். அப்புறம் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

வன்னமணி அவசரப்படவே இல்லை. கடைசிச் சொட்டுவரை கறந்துவிட்டுத்தான் எழுந்தாள். நல்ல சேலை முழுக்கச் சேறு. வாளியில் நுரை நின்றது. டிரைவரைப் பார்த்தாள்.

"தம்பி, போத்தல் ஏதும் வெச்சிரிக்கயா?"

அவன் வேனுக்குப் போய்த் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்தான். தண்ணீரைக் கொட்டிவிட்டு அதில் பாலை ஊற்றி மூடிக் கொடுத்தாள்.

"காய்ச்சிக் குடி. உங்கட ஏஜென்சியில சொல்லு, வன்னமணிக்கு ஊரிலயே வேலை கிடைச்சிட்டெண்டு."

அவன் போத்தலைத் தூக்கிப் பார்த்தான். "கோவிப்பாங்க அக்கா."

"கோவிச்சா தயிர் அனுப்புறன் எண்டு சொல்லு."

வேன் போனது. இந்தத் தடவை ஹார்ன் அடிக்கவில்லை. சின்னவள் பையிலிருந்து இறங்கி, அதை இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாமித்தம்பி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், வலிக்கிற மாதிரி. எனக்கு ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் புறப்படுகிறார்கள், நான் வேண்டுமானால் இன்னும் கொஞ்ச நாள் இருந்து பட்டி கட்ட உதவிவிட்டுப் பிறகு வரலாமா என்று லோகேஸ்வரனிடம் கேட்க நினைத்தேன். நான் கேட்பதற்கு முன்பே அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பெரியப்பா!" என்றாள் வன்னமணி. "பாத்துக்கொண்டே நிக்காம அந்தக் கண்ட அவிழ்த்து விடுங்க. அதுக்கும் பசிக்கும்."

அவிழ்த்துவிட்டேன்.